போரைக் காணாத போர் ஆசிரியர்



கடலில் கால் நனைத்தறியாத ஒருவர் மீனவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வலை வீசும் கலையைப் போதிக்க முன்வந்தால் நாம் என்ன சொல்வோம்? "ஐயா, முதலில் நீர் ஒரு நாள் படகில் ஏறிப் பார்த்துவிட்டு வாரும்" என்றுதான் சொல்வோம். ஏறத்தாழ அப்படிப்பட்ட நிலையில் 26 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்த ஒருவரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் கீகன். பிரிட்டிஷ் தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் 1960-ஆம் ஆண்டு முதல் 1986-ஆம் ஆண்டு வரை படைத்துறை வரலாறு கற்பித்தவர். மலாயாவிலிருந்தும் இளைஞர்கள் சென்று பயிற்சி பெற்ற கல்லூரி அது. அங்கே போரைப் பற்றிப் பாடம் நடத்திய கீகன், தம் வாழ்நாளில் ஒரு நாள்கூடப் படைவீரராக இருந்தவர் அல்லர்.

அவர் பிறந்தது 1934-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், இலண்டனில். தந்தையார் பள்ளிகளின் ஆய்வாளர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் குழந்தைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள் அல்லவா? அந்தக் குழந்தைகளின் படிப்பைக் கவனிக்கும் பொறுப்பு தந்தைக்கு வந்தது. குடும்பம் மேற்கு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் கீகனுக்கு அந்தப் போர் ஒரு திருவிழாவைப் போலவே இருந்தது எனலாம். 1944-ஆம் ஆண்டு நார்மண்டிப் படையெடுப்புக்கு முன்பு அமெரிக்க வீரர்கள் அந்தப் பகுதியெங்கும் நிறைந்திருந்தார்கள். புதிய வண்டிகள், புதிய சீருடைகள், கை நிறைய இனிப்புகள்! பின்னர் ஒரு நாள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். இந்த நினைவுகளை அவர் 1982-இல் வெளிவந்த தம் நார்மண்டி நூலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார்.

13-ஆம் வயதில் அவருக்கு எலும்புருக்கி நோய் கண்டது. நுரையீரலில் அன்று, இடுப்பு எலும்பில். நெடுங்காலம் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. நோய் தணிந்தபோது நடையில் ஊனம் தங்கிவிட்டது. அது கடைசி வரை அவரை விட்டு நீங்கவில்லை. அக்காலத்தில் பிரிட்டனில் இளைஞர்களுக்குக் கட்டாயப் படைச் சேவை இருந்தது. 1952-இல் கீகனும் மருத்துவச் சோதனைக்குப் போய் நின்றார். ஒருவர் கண்ணைப் பார்த்தார், ஒருவர் நெஞ்சைச் சோதித்தார். கடைசியாகக் காலைப் பார்த்த மருத்துவர் தலையை அசைத்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போகலாம்" என்னும் பொருள்பட ஏதோ எழுதி அனுப்பிவிட்டார். படைச் சேவைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்னும் முடிவு சில வாரங்களில் வந்து சேர்ந்தது.

மறு ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேலியல் கல்லூரியில் வரலாறு பயிலச் சேர்ந்தார். அங்கே அவரைச் சுற்றியிருந்த மாணவர்கள் பலர் படைச் சேவையை முடித்துவிட்டு வந்தவர்கள். சிலர் கென்யாவின் காடுகளில் இருந்தவர்கள். சிலர் கொரியாவில் உண்மையான சண்டையையே பார்த்தவர்கள். நம் நேயர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: சிலர் மலாயாக் காடுகளில் நடந்த அவசரகாலப் போரிலிருந்து திரும்பியவர்கள். மாலை வேளைகளில் அவர்கள் ஒருவருக்கொருவர் அனுபவங்களைப் பரிமாறிக்கொண்டபோது, அந்த வட்டத்துக்கு வெளியே நின்று கேட்டவர் கீகன். அவர்கள் எப்படிப்பட்ட உலகத்திலிருந்து வந்தார்கள் என்று அறியும் ஆவல் அவருக்கு உண்டாயிற்று. பட்டப் படிப்பில் சிறப்புப் பாடமாகப் படைத்துறை வரலாற்றையும் போர்க் கோட்பாட்டையும் எடுத்துக்கொண்டார். படிப்பு முடிந்ததும் அமெரிக்கா சென்று உள்நாட்டுப் போர் நடந்த களங்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து இலண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் சில ஆண்டுகள் வேலை. அதன் பிறகே சாண்ட்ஹர்ஸ்ட்.

அந்த ஆசிரியர் அறையைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். 1960-ஆம் ஆண்டு. பயிற்சி தரும் படை அதிகாரிகளில் பலர் இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்தவர்கள். மார்பில் வரிசையாகப் பதக்கங்கள். எதிரே வரிசை வரிசையாக மாணவ அதிகாரிகள். நடுவில் கால் தாங்கி நடந்து வரும் இந்த இளைஞர். அவருடைய வேலை, நாளை சண்டைக்குப் போகப் போகிறவர்களுக்குச் சண்டையைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது.

வகுப்பில் நெப்போலியன் எந்தப் பாதையில் போனார், எந்தத் தளபதி எந்தத் தவறு செய்தார், எந்த ஆற்றைக் கடந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வரைபடத்தில் நீல அம்பும் சிவப்பு அம்பும் போட்டுக் காட்டலாம். அதைத்தான் எல்லாரும் செய்து வந்தார்கள். ஆனால் மாணவர்கள் உள்ளத்தில் வேறொரு கேள்வி இருந்தது. அவர்கள் அதை வாய்விட்டுக் கேட்கத் தயங்கினார்கள். "சண்டை தொடங்கும்போது எனக்கு என்ன நேரும்? நான் நின்று பொருதுவேனா, ஓடுவேனா?" இதுதான் அந்தக் கேள்வி. வரைபடத்தில் இருக்கும் அம்புக் குறிக்குப் பயம் கிடையாது, தாகம் கிடையாது.

இராணுவப் பயிற்சி முறையே இந்தக் கேள்வியை ஒதுக்கி வைக்கும்படி அமைந்தது என்பதைக் கீகன் கண்டார். குழப்பமும் கூச்சலும் நிறைந்த ஒன்றை விதிகளாகவும் கட்டளைகளாகவும் படிவங்களாகவும் மாற்றி, அச்சத்தை அடக்குவதே பயிற்சியின் நோக்கம். அதில் தவறில்லை, அப்படித்தான் அதிகாரியை உருவாக்க முடியும் என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வரலாற்று ஆசிரியனுமா அதே வேலையைச் செய்ய வேண்டும்? வரலாற்று ஆசிரியனின் கடமை நடந்ததை நடந்தபடி சொல்வதல்லவா?

இது வெறும் ஏட்டுச் சிக்கலாகவும் இருக்கவில்லை. 1969-இல் வட அயர்லாந்தில் கலவரம் மூண்டு பிரிட்டிஷ் படைகள் அங்கே அனுப்பப்பட்டன. கல்லூரியில் தேர்ச்சி பெற்று வெளியேறிய இளைஞர்கள் விரைவிலேயே பெல்ஃபாஸ்ட் தெருக்களில் நிற்க வேண்டியிருந்தது. 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளில் போர். அவர் பாடம் கேட்டுவிட்டுப் போகிறவனுக்கு அந்தப் பாடம் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை.

இந்த மனச்சுமையிலிருந்து பிறந்த நூல்தான் 'போரின் முகம்' என்று நாம் பெயர் சொல்லக்கூடிய அவருடைய ஆங்கில நூல். 1976-இல் வெளிவந்தது. தாம் சண்டையில் இருந்ததில்லை, அதை அருகிலிருந்து பார்த்ததில்லை, தூரத்திலிருந்து கேட்டதுகூட இல்லை என்று தொடக்கத்திலேயே அவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஒரு படைத்துறை வரலாற்று ஆசிரியர் தம் குறையை வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டு உள்ளே நுழைவதை அதற்கு முன் நான் எங்கும் படித்ததில்லை.

முதலில் அவர் தமக்கு முந்தைய ஆசிரியர்களின் எழுத்தைச் சோதிக்கிறார். 1811-ஆம் ஆண்டு ஸ்பெயினில் அல்புவேரா என்னுமிடத்தில் நடந்த சண்டையை நேப்பியர் என்னும் ஆங்கிலத் தளபதி வீறார்ந்த நடையில் வருணித்திருக்கிறார். ஆங்கிலக் காலாட்படை குன்றின்மேல் ஏறுகிறது; பிரெஞ்சுப் படை தளர்கிறது; வெற்றி! படித்தால் உடல் சிலிர்க்கும். கீகன் பொறுமையாகக் கேட்கிறார்: அந்தப் படையில் இருந்த அத்தனை ஆயிரம் பேரும் ஒரே உள்ளத்தோடு ஏறினார்களா? ஒருவன்கூடப் பின்தங்கவில்லையா? வீழ்ந்தவர்கள் வீழ்ந்தபின் என்ன ஆனார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் எந்த நொடியில், எதைக் கண்டு திரும்பினார்கள்? நேப்பியரிடம் விடை இல்லை. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசரும் இதே கதைதான். கிறிஸ்துவுக்கு முன் 57-ஆம் ஆண்டில் நெர்வியர் என்னும் இனத்தாரோடு நடந்த சண்டையில், படை தளர்ந்த நேரத்தில் தாம் ஒரு வீரனின் கேடயத்தை வாங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனதாகவும், உடனே படை ஊக்கம் கொண்டதாகவும் சீசரே எழுதி வைத்தார். தலைவன் ஒருவனுக்கு மட்டுமே அங்கே முகம் உண்டு. ஏனையோர் எல்லாரும் ஒரு திரள். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஐரோப்பியர் இந்த அச்சில்தான் சண்டைக் கதைகளை வார்த்தார்கள் என்கிறார் கீகன். நம் பரணி இலக்கியத்தைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஆயிரம் யானைகளைக் கொன்றவனுக்குப் பாடப்படுவது பரணி; யானைப் பாகன் என்ன ஆனான் என்று அது கேட்பதில்லை. ஆனால் பரணி பாடியவர் தாம் பாடுவது காவியம் என்று அறிந்தே பாடினார். ஐரோப்பிய ஆசிரியர்களோ தாங்கள் எழுதுவது வரலாறு என்று நினைத்தார்கள்.

கீகனின் வழி என்ன? மூன்று சண்டைகளை எடுத்துக்கொண்டார். மூன்றும் வட பிரான்சையும் பெல்ஜியத்தையும் சேர்ந்த, ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாத இடங்களில் நடந்தவை. 1415-இல் அஜின்கோர்ட், 1815-இல் வாட்டர்லூ, 1916-இல் சோம் ஆற்றங்கரை. முதலாவதில் ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டாவதில் துப்பாக்கிக் குண்டு. மூன்றாவதில் காணாத தூரத்திலிருந்து வந்து விழும் பீரங்கிக் குண்டு. இவற்றில் தளபதிகளின் திட்டத்தைச் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். பிறகு, காலாள் எதிரே குதிரை வந்தால் என்ன ஆகும், காலாள் எதிரே காலாள் வந்தால் என்ன ஆகும், காயம்பட்டவன் என்ன ஆனான், கைதி என்ன ஆனான், அவனை அங்கே நிற்க வைத்தது எது என்று பிரித்துப் பிரித்து விசாரிக்கிறார்.

அஜின்கோர்ட் சண்டையை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 25-ஆம் நாள். ஆங்கில அரசர் ஐந்தாம் ஹென்றியின் படை பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் வாடியிருந்தது. முதல் நாள் இரவு மழை. இரண்டு காடுகளுக்கு இடையே, உழுது போட்ட நிலம், ஈரச் சேறு. ஆங்கில வில்லாளிகள் அம்பு மழை பொழிந்து பிரெஞ்சுப் பிரபுக்களைக் கொன்று குவித்தார்கள் என்பது பள்ளிப் பாடம். கீகன் அம்பின் வேகத்தையும் கவசத்தின் தன்மையையும் எண்ணிப் பார்த்து, அம்பு மட்டும் அத்தனை பேரைக் கொன்றிருக்க முடியாது என்று முடிவு செய்கிறார். கொன்றது நெரிசல் என்கிறார் அவர். கனத்த இரும்புக் கவசம் பூண்ட வீரர்கள் சேற்றில் நடந்து வருகிறார்கள். காடுகள் இருபுறமும் நெருக்க, போகப் போக இடம் குறுகுகிறது. முன்வரிசை ஆங்கிலேயரோடு மோதி நிற்கிறது. நின்றது பின்னால் வருபவனுக்குத் தெரியாது; அவன் தள்ளுகிறான். முன்னால் இருப்பவனுக்குக் கை ஓங்க இடமில்லை. ஒருவன் சறுக்கி விழுந்தால் அவன்மேல் இன்னொருவன். கோயில் திருவிழாக் கூட்டத்தில் நெரிசலில் சிக்கியவர்களுக்கு இது விளங்கும். வில்லாளிகள் அப்போது வில்லை வைத்துவிட்டுக் கத்தியும் கைக்கோடரியும் சம்மட்டியுமாக இறங்கினார்கள். விழுந்து கிடந்தவனைக் கொல்ல அதிக வீரம் தேவைப்படவில்லை.

பிணங்கள் ஆள் உயரத்துக்கும் மேலாகச் சுவர்போல் குவிந்தன என்று அக்கால வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. கீகன் இதை மறுக்கிறார். மனித உடல்கள் அப்படிச் சுவராக அடுங்கி நிற்பதில்லை. பரந்து சரிந்துதான் கிடக்கும் என்கிறார். கேட்கவே கூசும் விவரம்தான். ஆனால் நூற்றாண்டுகளாக எல்லாரும் படித்து வந்த ஒரு வரியை நிறுத்திவைத்து, இது நடக்கக் கூடியதா என்று உடலைக் கொண்டு சோதித்த முறையை நாம் கவனிக்க வேண்டும். கைதிகளைக் கொல்லும்படி ஹென்றி ஆணையிட்ட நிகழ்ச்சியிலும் அவர் இப்படியே கேட்கிறார். பிணைப்பணம் தரக்கூடிய கைதியைக் கொல்ல உயர்குடி வீரர்கள் இணங்கவில்லை. வில்லாளிகள் 200 பேரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. இந்த ஒரு விவரத்துக்குள் அக்காலச் சமூகமே அடங்கிக் கிடக்கிறது.

வாட்டர்லூவில் அவருக்கு ஒரு புதையல் கிடைத்திருந்தது. சைபோர்ன் என்னும் படை அதிகாரி அந்தக் களத்தை ஒரு பெரிய மாதிரியாகச் செய்ய விரும்பி, சண்டையில் இருந்து உயிர் பிழைத்த அதிகாரிகளுக்கு 1830-களில் கடிதம் எழுதினார். "இன்ன நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள்? என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். வந்த பதில்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891-இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கடிதங்களிலிருந்து கீகன் காட்டும் வாட்டர்லூ விசித்திரமானது. வெலிங்டன் பக்கம் சுமார் 68,000 பேர், நெப்போலியன் பக்கம் சுமார் 72,000 பேர். ஆனால் புகை மூட்டத்தில் ஒரு வீரன் கண்டது தன் பக்கத்து ஆளையும் எதிரே சில கெஜத் தூரத்தையுமே. தாகம் தொண்டையை அடைத்தது. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடிக்கும்போது வெடிமருந்து வாய்க்குள் போகும். பலர் சாராயத்தின் துணையோடு நின்றார்கள்.

குதிரைப் படை சதுர வியூகத்தை மோதி உடைக்கும் காட்சியை நாம் ஓவியங்களில் கண்டிருக்கிறோம். குதிரை அப்படி மோதாது என்கிறார் கீகன். தாண்ட முடியாத, ஊடே புக முடியாத ஒரு தடையைக் கண்டால் குதிரை ஒதுங்கும். மேலே இருப்பவனும் உள்ளூர அதைத்தான் விரும்புவான். ஆகவே பிரெஞ்சுக் குதிரைப் படை சதுரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்தது. சதுரத்தில் நின்றவர்களைக் கொன்றது பீரங்கி. 27-ஆம் ரெஜிமெண்டு என்னும் அயர்லாந்துப் படைப்பிரிவு வியூகம் கலையாமல் நின்றே பாதிக்கு மேற்பட்டோரை இழந்தது. அவர்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: நிற்பது.

சோம் சண்டையைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்லப் போகிறேன். 1916 ஜூன் 24-இல் தொடங்கி ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஏறத்தாழ 15 இலட்சம் குண்டுகளைப் பொழிந்தன. ஜெர்மானியர் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று வீரர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஜெர்மானியர் சுண்ணாம்புப் பாறையில் ஆழமாகத் தோண்டிய நிலவறைகளில் இருந்தார்கள். ஜூலை முதல் நாள் காலை 7.30 மணிக்குக் குண்டுவீச்சு பின்வரிசைக்கு மாறியது. அந்தக் கணத்திலிருந்து ஓட்டப் போட்டி தொடங்கியது என்கிறார் கீகன். முதுகில் ஏறத்தாழ 30 கிலோ சுமையோடு முள்கம்பி வேலியை நோக்கி நடக்கும் பிரிட்டிஷ் வீரன் முன்னே போய்ச் சேர்கிறானா, நிலவறைப் படிகளில் இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஏறும் ஜெர்மானியன் முன்னே வந்து சேர்கிறானா? பெரும்பாலான இடங்களில் ஜெர்மானியனே முன்னே வந்தான். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர், காயமுற்றோர், காணாமற் போனோர், கைதானோர் என 57,470 பேர்; அவர்களில் இறந்தவர் 19,240 பேர். குண்டுக் குழிகளில் ஊர்ந்து போய்ப் படுத்துக்கொண்டு, தண்ணீர் புகாத துணியைப் போர்த்தி, வேத புத்தகத்தைக் கையில் எடுத்தபடி இறந்து கிடந்தவர்களின் உடல்கள் பிற்பாடு கண்டெடுக்கப்பட்டன. இந்த எண்களைக் கீகனுக்கு முன்பே எல்லாரும் அறிவார்கள். அந்தப் படிக்கட்டுப் போட்டியை அவர்தான் நம் கண்முன் வைத்தார்.

இனி, அவர் சொன்னவற்றில் எவை நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கரான மார்ஷல் என்பவர் 1947-இல் எழுதிய ஒரு நூலில், சண்டையில் நாலில் ஒரு பங்கு வீரர்களுக்கு மேல் துப்பாக்கியைச் சுடுவதேயில்லை என்று கூறினார். கீகன் அவரைப் பெரிதும் மதித்துப் பின்பற்றினார். ஆனால் 1980-களின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் மார்ஷலின் குறிப்பேடுகளைத் தேடிப் பார்த்தபோது அந்தக் கணக்குக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு சிறு படை பெருங்கடலை எதிர்த்தது என்னும் கருத்தும் மாறியிருக்கிறது. ஆன் கரி என்னும் வரலாற்று அறிஞர் படைச் சம்பளக் கணக்குகளை ஆராய்ந்து, ஆங்கிலேயர் 9,000 பேர் அளவிலும் பிரெஞ்சுக்காரர் 12,000 பேர் அளவிலும் இருந்திருக்கலாம் என்று 2005-இல் எழுதினார். பழைய சம்பளப் பட்டியல்களுக்குள் புகுந்து வேலை செய்வது கீகனின் வழக்கமில்லை; அச்சில் வந்த நூல்களும் நினைவுக் குறிப்புகளுமே அவருக்குப் பெரும்பாலும் ஆதாரம்.

1993-இல் உலகப் போர்முறைகளின் வரலாறு முழுவதையும் ஒரே நூலில் எழுதத் துணிந்தார். அதில், போர் என்பது அரசியலின் தொடர்ச்சி என்னும் ஜெர்மானிய அறிஞர் கிளாஸ்விட்ஸின் கொள்கையை மறுத்து, போர் அரசியலைவிடப் பழையது, பண்பாட்டோடு பிறந்தது என்று வாதாடினார். கிளாஸ்விட்ஸை அவர் சரியாகப் படிக்கவில்லை என்று பலர் கடுமையாகத் தாக்கினார்கள். என் கருத்தைச் சொல்வதானால், அந்தத் தாக்குதலில் நியாயம் உண்டு. கீகனின் கண் ஒரு வயல்வெளியின் அகலத்தைப் பார்க்கும்போது மிகக் கூர்மையானது. உலகம் முழுவதையும் பார்க்கப் புகுந்தபோது அந்தக் கூர்மை குறைந்துவிட்டது.

இதே காலத்தில் வாழ்ந்த மற்றொரு பெரும் படைத்துறை வரலாற்று அறிஞர் மைக்கல் ஹவர்ட். அவர் 1943-இல் இத்தாலியில் சலேர்னோவில் போரிட்டு வீரப் பதக்கம் பெற்றவர். களத்தைக் கண்ட அந்த ஹவர்ட், கிளாஸ்விட்ஸின் தத்துவ நூலை ஆங்கிலத்தில் தருவதில் ஈடுபட்டார். களத்தைக் காணாத கீகனோ களத்தின் சேற்றை எழுதினார். இரண்டு நூல்களும் வெளிவந்தது ஒரே ஆண்டில், 1976-இல்! கண்டவருக்கு அதை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டிய தேவை இல்லை போலும். காணாதவருக்குத்தான் கேள்வி ஓயவில்லை.

1986-இல் சாண்ட்ஹர்ஸ்ட்டை விட்டு விலகி இலண்டனில் ஒரு நாளிதழில் பாதுகாப்புத்துறைச் செய்தியாளரானார். 1998-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் புகழ்பெற்ற ரீத் சொற்பொழிவுகளை, நம்மைப் போலவே வானொலியில், போரைப் பற்றி நிகழ்த்தினார். 2000-இல் 'சர்' பட்டம் பெற்றார். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலமானார்.

அவருடைய கேள்விகளை நம் மண்ணில் கேட்டுப் பார்க்கலாம். 1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், விடிவதற்கு முன், பேராக்கில் திரோலாக் அருகே ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியே பாய்ந்து வந்தன. ஸ்லிம் ரிவர் சண்டை என்று நாம் படிப்பது இதுதான். பகல் ஏறுவதற்குள் 11-ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் சிதறின. நூல்கள் பொதுவாகத் தளபதிகளின் தவறுகளைப் பட்டியலிடுகின்றன: பாலங்களை நேரத்தோடு தகர்க்கவில்லை, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளைச் சரியாக நிறுத்தவில்லை என்று. அவை உண்மைதான். கீகனாக இருந்தால் வேறு கேட்பார். டிசம்பரில் ஜித்ராவிலிருந்து பின்வாங்கத் தொடங்கிய அந்தச் சிப்பாய்கள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார்கள்? மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லையே. பஞ்சாபிலும் நேப்பாளத்திலுமிருந்து வந்த இளைஞனுக்கு, ரப்பர் தோட்டத்து இருட்டில் அந்த இரைச்சல் என்னவென்று புரிந்திருக்குமா? சாலையிலிருந்து காட்டுக்குள் ஓடியவர்களுக்கு யார் சோறு கொடுத்தார்கள்? காயம்பட்டவர்களை யார் தூக்கினார்கள், எங்கே கொண்டு போனார்கள்?

வாட்டர்லூ முடிந்து இருபது ஆண்டுகள் கழித்துச் சைபோர்ன் கடிதம் எழுதினார். சிங்கப்பூரில் 1979-இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டு, 1981 முதல் ஜப்பானியர் ஆட்சிக் கால நினைவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டன. போர் முடிந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு. அவற்றைக் கேட்டால், பெரியவர்கள் பெரும்பாலும் தளபதிகளின் பெயரைச் சொல்வதில்லை என்பது விளங்கும். எந்தக் கால்வாயில் படுத்துக்கொண்டார்கள், அன்று வீட்டில் எத்தனை படி அரிசி இருந்தது, பக்கத்து வீட்டுப் பையன் எந்தப் பக்கமாக ஓடினான் என்றே சொல்கிறார்கள்.